ஒப்புக்கொடுத்தல் என்றால் எதைக் கொடுப்பது?

எங்கள் சபையில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்காக ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு சிறிய வகுப்பு நடக்கும். சில வருடங்களாக அதை நான் நடத்துகிறேன். போன வருடம் அந்த வகுப்பில் ஒரு தம்பி கேட்டார்: "சிஸ்டர், 'உங்களை முழுசா ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்க'ன்னு பாஸ்டர் ஜெபத்துல சொன்னார். நானும் கண்ணை மூடி, கையைத் தூக்கி, 'ஒப்புக்கொடுக்கிறேன்'னு சொன்னேன். வெளியே வந்து பஸ்ல உட்கார்ந்ததும் யோசிச்சேன். பர்ஸ் என்கிட்டதான் இருக்கு, கடன் என்கிட்டதான் இருக்கு, கவலையும் அப்படியே இருக்கு. அப்போ நான் எதைத்தான் கொடுத்தேன்?"

அவர் துவாஸில் ஒரு ஷிப்யார்டில் வேலை செய்கிறவர். சிங்கப்பூர் வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அவர் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தாழ்த்துகிறேன், ஒப்புக்கொடுக்கிறேன், அர்ப்பணிக்கிறேன் என்று கிறிஸ்தவர்கள் ஓயாமல் பாடுகிறோம். புதிதாக வருகிறவருக்கு அந்தச் சொற்களுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து காட்டுவதில்லை. அன்றைக்கு இருபது நிமிடத்தில் அவருக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கிறிஸ்தவராக இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் எதை நம்புகிறார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவரும் தாராளமாகப் படிக்கலாம்.

சொல்லுக்குள் இருப்பது

சங்கீதம் 37:5 தமிழ் வேதாகமத்தில் இப்படி இருக்கிறது: "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு, அவரே காரியத்தை வாய்க்கப்பண்ணுவார்." ஒப்புவித்தல், ஒப்புக்கொடுத்தல், ஒப்படைத்தல் மூன்றும் ஒரே குடும்பம். ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபை போன்ற இடங்களில் 'ஒப்புக்கொடுக்கிறேன்' என்று கேட்பீர்கள். 1888இல் கட்டி முடித்த ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போனால் 'ஒப்படைக்கிறேன்', 'அர்ப்பணிக்கிறேன்' என்பார்கள். சிலுவையில் இயேசு கடைசியாகச் செய்த ஜெபத்தை எங்கள் வேதாகமத்தில் "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்று வாசிக்கிறோம். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அது 'ஒப்படைத்தல்' ஆகிறது. எந்தச் சொல்லை எடுத்தாலும் செயல் ஒன்றுதான்: என் கையில் இருப்பதை இன்னொருவர் கையில் வைக்கிறேன்.

அந்தச் சங்கீத வசனத்தின் எபிரேய மூலத்தில் 'ஒப்புவி' என்ற இடத்தில் இருக்கும் வினைச்சொல்லுக்கு நேர்ப்பொருள் 'உருட்டு'. உன் வழியைக் கர்த்தர்மேல் உருட்டிவிடு என்பதுதான் மூலத்தின் படம். இதைச் சொன்னதும் அந்தத் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேபிள் டிரம் மாதிரியா சிஸ்டர்?" என்றார். கேபிள் சுற்றிய பெரிய மரச் சக்கரத்தை யாரும் தோளில் தூக்க நினைக்க மாட்டார்கள், உருட்டித்தான் கொண்டுபோவார்கள் என்று அவர் எனக்கு விளக்கினார். 'இதை என்னால் தூக்க முடியாது' என்று ஒத்துக்கொண்ட பிறகுதானே உருட்டவே தோன்றும்? தமிழில் இது இன்னும் அழகாக அமைந்திருக்கிறது. ஒப்புக்கொள்வது ஒன்று, ஒப்புக்கொடுப்பது ஒன்று. முதலாவது இல்லாமல் இரண்டாவது நடக்காது.

நான் ஏறக்குறைய முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். அதனால் எனக்கு இந்த விஷயம் வார்டு வழியாகத்தான் புரிந்தது. ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வந்ததும் 'பாஸ் ரிப்போர்ட்' கொடுப்போம். ஆறாம் படுக்கை அம்மாவுக்கு இரவு முழுக்கக் காய்ச்சல், எட்டாம் படுக்கை ஐயாவுக்குச் சர்க்கரை இறங்கியது, இன்ன மருந்து இன்ன நேரத்தில் கொடுத்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சாவியையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வீட்டுக்குப் போயும் போன் பண்ணுவேன். அந்த ட்ரிப் மாற்றினார்களா, இந்த அம்மா சாப்பிட்டாரா என்று கேட்பேன். ஒருநாள் எங்கள் வார்டின் மூத்த நர்ஸ், மலேசியத் தமிழர், என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நீ ரிப்போர்ட் கொடுத்துட்டுப் போறியா, இல்ல வெறுமே சொல்லிட்டுப் போறியா?"

அந்தக் கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது. நோயாளிகள்மேல் இருந்த அக்கறையால்தான் போன் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கறை இருந்தது உண்மை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: என்னைப் போல இன்னொருத்தி பார்த்துக்கொள்ள மாட்டாள் என்ற எண்ணம். பிடியை விடாததும் பெருமையும் ஒரே வேரில் முளைத்தவை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இந்த உவமை ஓர் இடத்தில் நின்றுவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் நம் ஷிஃப்ட் முடிந்த பிறகு உள்ளே வருகிறவர் அல்ல. "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்கிறது சங்கீதம் 121. நாம் ஓடிக்கொண்டிருந்த நேரத்திலும் வார்டு அவர் பொறுப்பில்தான் இருந்தது.

பெருமையின் அமைதியான முகம்

பெருமை என்றதும் மற்றவர்களை மட்டம் தட்டிப் பேசுகிற ஆள்தான் நம் நினைவுக்கு வருவார். அது வெளியே தெரிகிற பெருமை. வெளியே தெரியாத பெருமையைப் புரியவைக்க நான் எப்போதும் எடுப்பது நாகமானின் கதை. 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

நாகமான் சீரியா நாட்டின் படைத்தலைவன். போரில் வென்றவன், ராஜாவிடம் மதிப்புள்ளவன். ஆனால் முதல் வசனமே "மகா பராக்கிரமசாலியாகிய அவனோ குஷ்டரோகியாயிருந்தான்" என்று முடிகிறது. மேலே கவசம், அதற்குள்ளே நோய்ப்பட்ட தோல். அவன் வீட்டில் இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்து வந்த ஒரு சின்னப் பெண் வேலை செய்கிறாள். சமாரியாவில் இருக்கும் தீர்க்கதரிசியிடம் போனால் எஜமான் சுகமாவார் என்று அவள் எஜமானியிடம் சொல்கிறாள். பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கே நல்லது நினைக்கும் அந்தப் பெண்ணைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். நாகமான் 10 தாலந்து வெள்ளி, 6,000 பொற்காசு, 10 மாற்றுடை எல்லாம் எடுத்துக்கொண்டு, குதிரைகளோடும் இரதத்தோடும் அந்தத் தீர்க்கதரிசியான எலிசாவின் வாசலில் போய் நிற்கிறான். எலிசா வெளியே வரவே இல்லை. ஆள் அனுப்பி, யோர்தான் ஆற்றில் ஏழுதரம் முழுகு, சுகமாவாய் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்.

நாகமானுக்குக் கடுங்கோபம். அவன் சொல்வதைக் கவனியுங்கள்: "அவன் வெளியே வந்து நின்று, தன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தைத் தொழுது, தன் கையினால் அந்த இடத்தைத் தடவி இவ்விதமாய்க் குஷ்டரோகத்தை நீக்கிவிடுவான் என்று எனக்குள் நினைத்திருந்தேன்."

எனக்குள் நினைத்திருந்தேன். பெருமைக்கு வேதத்தில் இதைவிடத் துல்லியமான வாக்கியத்தை நான் பார்த்ததில்லை. அவன் கடவுளை நம்பாமல் வரவில்லை. நம்பித்தான் இத்தனை தூரம் வந்தான். ஆனால் கடவுள் எப்படி வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் என்பதுவரை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு வந்தான். அந்த எழுத்துப்படி நடக்காததால், சுகத்தையே வேண்டாம் என்று திரும்பிப் போகப் பார்த்தான். எங்கள் ஊர் தமஸ்குவில் ஓடும் ஆப்னாவும் பர்பாரும் இந்தத் தண்ணீரைவிட மேலானவை இல்லையா என்று வேறு கேட்டான்.

அவனைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் அவனுடைய வேலைக்காரர்கள். "தகப்பனே, அந்தத் தீர்க்கதரிசி ஒரு பெரிய காரியத்தைச் செய்ய உமக்குச் சொல்லியிருந்தால் அதை நீர் செய்வீர் அல்லவா?" என்று கேட்டார்கள். பெரிய காரியம் என்றால் செய்திருப்பான், ஏனென்றால் பெரிய காரியத்தில் நம் பெயரும் சேர்ந்து நிற்கும். ஆற்றில் முழுகுவதில் என்ன பெயர் கிடைக்கப்போகிறது? முழுகுவதற்கு முதலில் கவசத்தைக் கழற்ற வேண்டும். கூட வந்த அத்தனை பேர் கண்ணுக்கும் அந்தத் தோல் தெரியும். நாகமான் இறங்கினான். ஏழாம் முறை எழுந்தபோது அவன் மாம்சம் சிறுபிள்ளையின் மாம்சத்தைப்போல ஆனது என்கிறது வேதம்.

கவசத்தைப் பற்றிப் பேசியபோது அந்தத் தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தன் போனைக் காட்டினார். ஊருக்கு அவர் அனுப்பும் படங்கள் எல்லாம் மரீனா பேயில் எடுத்தவை. ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் பாதிகூட அடையவில்லை என்பதை அம்மாவிடம் அவர் சொல்லவே இல்லை. "நல்லா இருக்கேன்னு நினைச்சுக்கட்டும் சிஸ்டர்." அதில் அன்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. வெளிநாட்டில் உழைக்கிற எத்தனையோ பேர் அன்பினால் இதைச் செய்கிறார்கள். ஆனாலும் கவசம் கவசம்தான். அதைப் போட்டுக்கொண்டே ஆற்றில் இறங்க முடியாது.

'நான் ஒன்றுக்கும் ஆகாதவன்' என்று எந்நேரமும் தன்னையே குறை சொல்லிக்கொள்வதைத் தாழ்மை என்று நினைக்கிறவர்களும் உண்டு. அங்கேயும் பார்வை முழுக்கத் 'தன்'மேலேயே நிற்கிறது. தாழ்மையான ஆள் தன்னைப் பற்றி யோசிப்பதே குறைவு.

என் வீட்டில் நடந்தது

2021இல் என் கடைசி மகன் பிஎஸ்எல்இ எழுதினான். தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பு முடிவில் இங்கே எல்லாப் பிள்ளைகளும் எழுதும் தேசியத் தேர்வு அது. புதிய மதிப்பெண் முறை வந்த முதல் வருடம். நான்கு பாடம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை, கூட்டினால் 4 முதல் 32 வரை வரும். எண் குறையக் குறைய நல்லது. 'கியாசு' என்ற ஹொக்கியன் சொல்லை இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. தோற்றுவிடுவோமோ, விட்டுவிடுவோமோ என்ற பயம் அது. அந்த வருடம் எங்கள் வீடு முழுக்க அந்தப் பயம்தான்.

நான் வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, உம்முடைய சித்தம்" என்று சொல்லித்தான் ஜெபித்தேன். ஆனால் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மணிக்கணக்கில் பிரித்த அட்டவணை ஒட்டியிருந்தது. என் டைரியில் ஓர் எண்ணும், ஆறு உயர்நிலைப்பள்ளிகளின் பட்டியலும் வரிசையாக இருந்தன. நாகமானைப் போல நானும் எல்லாவற்றையும் எனக்குள் நினைத்திருந்தேன். தேர்வுக்குச் சில வாரம் முன்பு ஓர் இரவு, நான் அவன் தலையில் கை வைத்து ஜெபித்து முடித்ததும் அவன் கேட்டான்: "அம்மா, நீங்க ஜெபம் பண்றது எனக்காகவா, என் ஸ்கோருக்காகவா?"

எனக்கு அன்று பதில் வரவில்லை. அவன் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்று நான் நினைத்திருந்த பிள்ளையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவரிடம் வெறும் கையெழுத்து மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் அட்டவணையை எடுத்துவிட்டேன். படிப்பு நிற்கவில்லை, டியூஷனும் நிற்கவில்லை. ஜெபம்தான் மாறியது. எண்ணைச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டு, "இவன் உம்முடைய பிள்ளை, எனக்கு முன்பே உமக்குத் தெரிந்தவன்" என்று சொல்லத் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லத் தொண்டை அடைத்தது.

நவம்பரில் முடிவு வந்தது. நான் எழுதி வைத்த எண் வரவில்லை. என் பட்டியலில் நான்காவதாக இருந்த பள்ளிக்குப் போனான். 'ஒப்புக்கொடுத்தால் கேட்டதைவிட அதிகம் கிடைக்கும்' என்று சாட்சி சொல்ல எனக்கு இந்தக் கதை உதவாது. அப்படி ஒரு வியாபாரமாக இதை யாரும் கற்றுக்கொள்ளவும் கூடாது. ஒன்று மட்டும் நடந்தது. சாயங்காலம் நான் உட்கார்ந்திருந்தால் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். முன்பெல்லாம் என்னைப் பார்த்தாலே பாடப்புத்தகத்தைத் தேடுவான்.

திட்டம் போடுவது தப்பா?

இந்தக் கேள்வி சிங்கப்பூரில் வராமல் இருக்காது. இந்த ஊரே திட்டத்தால் எழுந்தது. ஜொகூரோடு 1962இல் போட்ட தண்ணீர் ஒப்பந்தம் 2061 வரை இருக்கும்போதே, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் தயாரித்து, கடல்நீரையும் குடிநீராக்கி வைத்திருக்கிறார்கள். அந்த முன்யோசனையின் பலனை நாம் தினமும் குழாயைத் திறந்து அனுபவிக்கிறோம்.

வேதத்தில் யோசேப்பும் திட்டக்காரர்தான். செழிப்பான ஏழு வருடமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்து வைத்து, பஞ்சமான ஏழு வருடத்துக்கு எகிப்தைக் காப்பாற்றினார். அதே யோசேப்பு, கனவுக்கு அர்த்தம் சொல்லத் தெரியுமாமே என்று பார்வோன் கேட்டபோது, நான் அல்ல, தேவனே பதில் தருவார் என்றார். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடிந்தது.

யாக்கோபு தன் நிருபத்தில் கண்டிப்பது வேறொன்றை. 4ஆம் அதிகாரம் 13, 14ஆம் வசனங்களை அந்தத் தம்பியையே வாசிக்கச் சொன்னேன்: "நாங்கள் இன்றைக்கு அல்லது நாளைக்கு இன்ன பட்டணத்திற்குப் போய், அங்கே ஒரு வருஷம் தங்கி, வியாபாரஞ்செய்து, சம்பாத்தியம்பண்ணுவோம் என்கிறவர்களே, கேளுங்கள். நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே." வாசித்துவிட்டு அவர் சிரித்தார், கண் கலங்கியது. இரண்டு வருட ஒர்க் பெர்மிட்டில், முதல் வருடம் கடன், இரண்டாம் வருடம் தங்கை கல்யாணம் என்று கணக்குப் போட்டு விமானம் ஏறியவர் அவர். வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம் முதுகில் அடிபட்டு ஆறு வாரம் ஓவர்டைம் போனது. கணக்கு முழுவதும் சாய்ந்தது.

யாக்கோபு கணக்குப் போடாதே என்று சொல்லவில்லை. "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால்" என்ற முன்வரியை அந்தக் கணக்கின் தலையில் எழுதச் சொல்கிறார். பென்சிலால் எழுதுவதற்கும் கல்லில் செதுக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

தலையெழுத்து என்பதும் இதுவும் ஒன்றா?

நம் ஆட்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். 'எல்லாம் அவன் செயல்', 'தலையெழுத்து', 'நடக்கிறது நடக்கட்டும்' என்று கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஒப்புக்கொடுத்தலும் அதே பெருமூச்சுதானோ என்று தோன்றும்.

தலையெழுத்தோடு பேச முடியாது. எழுதியாகிவிட்டது, அவ்வளவுதான். ஒப்புக்கொடுத்தலோ பேச்சில் தொடங்குகிறது. கிறிஸ்தவர்கள் இதற்கு முன்மாதிரியாகப் பார்ப்பது கெத்செமனே தோட்டத்தை. சிலுவைக்கு முந்தின இரவு இயேசு அங்கே ஜெபித்ததை லூக்கா 22:42 இப்படிச் சொல்கிறது: "பிதாவே, உமக்குச் சித்தமானால் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும், ஆயினும் என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது."

முதல் சொல் 'பிதாவே'. விதிக்கு முகம் கிடையாது, இங்கே அப்பாவின் முகம் இருக்கிறது. அடுத்து அவர் கேட்கிறார். இந்தப் பாடு வேண்டாம், எடுத்துவிடும் என்று வெளிப்படையாகக் கேட்கிறார். ஒருமுறை கேட்டுவிட்டு எழுந்துவிடவில்லை. மூன்று முறை அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளைப்போல விழுந்தது என்கிறார் லூக்கா. அப்படிக் கேட்ட பிறகுதான் அந்த ஜெபத்தில் அந்தச் சின்னச் சொல் வருகிறது: ஆயினும்.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் பலர் நேராக 'ஆயினும்'க்குப் போகப் பார்க்கிறார்கள். கேட்டால் விசுவாசக் குறைவு, அழுதால் பலவீனம் என்று யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால், அது மரியாதைக்குச் சொல்லும் பேச்சாகத்தான் இருக்கும். உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டுமோ அதை முழுக்கச் சொல்லுங்கள். இயேசுவே சொன்னார்.

யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் இங்கேதான் தெளிவாகிறது. பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் பவுல், தேவனுடைய ரூபமாயிருந்தவர் "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து" வந்தார் என்கிறார். யோவான் 13இல் அவர் ஒரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். வார்டில் எத்தனையோ முதியவர்களின் பாதங்களைக் கழுவியிருக்கிறேன், அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரியும். தன்னை உயர்த்திக்கொள்ள நம்மைத் தாழச் சொல்லும் எஜமான் வேறு, தானே முதலில் குனிந்தவர் வேறு. நான் பிடியை விடுவது இந்த இரண்டாவது ஆளிடம் என்பதால்தான் விட முடிகிறது.

இதைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு

இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொடுப்பது ஆண்டவருக்கு. அடிக்கிற கணவனிடம் பொறுத்துக்கொண்டு இருப்பதற்கோ, ஏமாற்றும் முதலாளியிடம் வாய்மூடி இருப்பதற்கோ, சபையில் ஒருவர் சொல்வதையெல்லாம் கேள்வி கேட்காமல் செய்வதற்கோ இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. அந்தத் தம்பியின் அறையில் இருந்த ஒருவருக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. "ஆண்டவர் பாத்துப்பார்னு விட்டுடலாமா சிஸ்டர்?" என்று கேட்டார்கள். மனிதவள அமைச்சில் புகார் கொடுங்கள், போவதற்கு முன் சேர்ந்து ஜெபிப்போம் என்றேன். கொடுத்தார்கள். பவுலைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, விசாரியாமல் ரோமக் குடிமகனை அடிக்கலாமா என்று அவர் கேட்டார். பிறகு இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, முறையிடுகிறேன் என்றும் சொன்னார். அப்போஸ்தலருடைய நடபடிகளில் இரண்டும் இருக்கின்றன. அவர் ஒப்புக்கொடுக்காதவரா?

மருந்து விஷயமும் அப்படித்தான். 'விசுவாசத்தில்' இன்சுலினை நிறுத்திவிட்டு, நினைவில்லாமல் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நற்செய்தி எழுதிய லூக்காவையே பவுல் "பிரியமான வைத்தியன்" என்கிறார். மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு ஜெபியுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது?

'என் முழு வாழ்க்கையையும்' என்று ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அது பெரிய காரியம், நாகமானுக்குப் பிடித்த வகை. ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். இந்த வாரம் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற ஒன்று. அதற்குப் பெயர் வைத்துச் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு தாளில் எழுதுங்கள். அதில் என் வேலை எது, என் கையில் இல்லாதது எது என்று பிரியுங்கள். உங்கள் வேலையைச் செய்யுங்கள். மற்றதைப் பாஸ் ரிப்போர்ட் மாதிரி, விவரமாக, ஆண்டவரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது 'எனக்குள் நினைத்திருந்தேன்' என்று எங்கெல்லாம் மனம் முரண்டு பிடிக்கிறதோ அங்கே கொஞ்சம் நில்லுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கவசம் இருக்கும்.

முடிந்தால் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். நாகமானைக் காப்பாற்றியவர்கள் அவன் தோலைப் பார்த்த வீட்டு ஆட்கள்தான்.

மெதடிஸ்ட் சபைகளில் 'உடன்படிக்கை ஆராதனை' என்று ஒன்று உண்டு. ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கியது, பல இடங்களில் புத்தாண்டையொட்டி நடத்துவார்கள். அதில் செய்யும் ஜெபத்தின் கருத்து இது: என்னை வேலையில் வைத்தாலும் சரி, ஓரமாக வைத்தாலும் சரி, நான் உம்முடையவன். வேலையில் இருந்தவரை அந்த இரண்டாம் பகுதியை நான் சும்மா சொல்லிவிட்டுப் போனேன். முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட வருடம்தான் அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. வருடத்துக்கு ஒருமுறை சபையாகச் சேர்ந்து அதைச் சொல்லும்போது, தனியாகச் சொல்ல வராதது வாயில் வந்துவிடுகிறது.

தினப்படிக்கு எனக்கு உதவுவது தூக்கம். சங்கீதம் 127, அதிகாலையில் எழுந்து, நேரப்பட வேலையில் தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவதும் விருதா என்று சொல்லிவிட்டு, "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்கிறது. நள்ளிரவிலும் விளக்கு அணையாத இந்த ஊரில் அந்த வசனம் எனக்கு மிகவும் வேண்டியிருக்கிறது. தூங்கும்போது நம்மால் எதையும் பிடித்துவைக்க முடியாது. ஏழு மணி நேரம் உலகம் நாம் இல்லாமல் நடக்கிறது, காலையில் அப்படியே இருக்கிறது. போனை எட்ட வைத்துவிட்டு, "ஆண்டவரே, ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன், தூங்கப் போகிறேன்" என்று சொல்லிப் படுக்கிறேன்.

அந்தத் தம்பி அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டார். அம்மாவிடம் கடனைப் பற்றிச் சொல்லிவிட்டாராம். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியுமாம், இவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தாராம். அதைச் சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டார்: "ராத்திரி டிரம்மை உருட்டி விட்டுட்டுத்தான் படுத்தேன் சிஸ்டர். காலையில எழுந்தா மறுபடியும் என் படுக்கை பக்கத்துலயே நிக்குது. நான் சரியா ஒப்புக்கொடுக்கலையா?"

லூக்கா 9:23ஐ எடுக்கச் சொன்னேன். தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன் என்று இயேசு சொன்னதை மத்தேயுவும் மாற்குவும் எழுதியிருக்கிறார்கள், ஆனால் அதில் 'அநுதினமும்' என்ற சொல் லூக்காவில்தான் இருக்கிறது. அவர் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டார்.

"அப்போ நாளைக்கும் உருட்டணும்."

"ஆமாம் தம்பி, நாளைக்கும்."